ஸ்பிரிண்ட் நடுவில் வந்து விழும் பக்கை என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். ஏழு பேர் டீம்: நான்கு டெவலப்பர், இரண்டு டெஸ்டர், ஒரு பிராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவு சொல்பவர்). இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு வேலைச் சுற்று. பக்குக்கு, அதாவது மென்பொருளில் வரும் தவறுக்கு, ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்குப் போடும் எண்) போடலாமா கூடாதா, பக்குக்கென்று தனி பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) வைக்கலாமா என்பதுதான் கேட்டது. கூடவே போகிறபோக்கில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் மூன்று நான்கு ஸ்டோரி (செய்ய எடுத்த வேலைத் துண்டு) அடுத்ததற்குத் தள்ளிப்போகிறது. வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் 140 பக் திறந்தே கிடக்கிறது. மேனேஜர் திங்கட்கிழமை ஆனால் எண்ணிக்கை கேட்கிறார். எனக்கு இந்த மூன்றுதான் கேள்வியாகப் படுகிறது; பாயிண்ட் விவகாரம் மேலே மிதப்பது. ஒரு பக் வந்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்கள் டீமில் யாருக்கு இருக்கிறது? யாருக்கும் இல்லை போலத் தெரிகிறது. அப்படி இருந்தால் அந்த உரிமை தானாகவே சத்தமாகப் போன் பண்ணுகிற கஸ்டமர் கைக்குப் போய்விடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. கோவையில் டெஸ்டராக ஆரம்பித்து, அப்புறம் கோடு (நிரல்) எழுதப் போய், இப்போது பல வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான ஈ.ஆர்.பி. மென்பொருள் (கணக்கு, ஸ்டாக், பில்லிங் எல்லாம் ஒரே இடத்தில்) செய்யும் ஒரு டீமைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை உள்ள டீம்தான் எனக்குப் பழக்கம். கீழே சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ‘பக்’ என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். இந்த ஸ்பிரிண்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஸ்டோரியில் டெஸ்டர் கண்டுபிடிக்கும் தவறு ஒன்று. ஏற்கெனவே கஸ்டமர் கையில் ஓடிக்கொண்டிருப்பதில் வெடிக்கும் தவறு இன்னொன்று. முதலாவதை நான் பக் என்றே சொல்வதில்லை. அது இன்னும் முடிக்காத வேலை, அவ்வளவுதான். செங்கல் சுவர் கோணலாக எழும்பினால் கொத்தனார் அதற்குத் தனிச் சீட்டுப் போட்டு, மதிப்பீடு செய்து, அடுத்த வாரம் நிமிர்த்துகிறேன் என்று சொல்வாரா? டெஸ்டர் எட்டிப் பார்த்து, “அண்ணா, தேதியை மாத்துனா மொத்தத் தொகை மாற மாட்டேங்குதுங்க” என்று சொன்னால், அந்த ஸ்டோரியிலேயே ஒரு குறிப்பு எழுதிவிட்டு அதே நாளில் சரிசெய்ய வேண்டும். ஜிராவில் தனி டிக்கெட் (பதிவு) வேண்டாம், பாயிண்ட் வேண்டாம், எண்ணிக்கையில் சேர்க்கவும் வேண்டாம்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஸ்பிரிண்ட் முறைக்கு அடிப்படையான ஸ்க்ரம் கையேட்டின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பும் இந்த ஒரு விஷயத்தில் கறாராகவே இருக்கிறது: ‘முடிந்தது’ என்பதற்கு டீம் வைத்திருக்கும் வரையறையை எட்டாத வேலையை வெளியிடக் கூடாது, ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூவில் காட்டவும் கூடாது, அது பேக்லாக்குக்குத் திரும்பிப் போக வேண்டும். உங்கள் டீமில் நடப்பது வேறு என்று ஊகிக்கிறேன். பத்தாம் நாள் மாலை ஸ்டோரியை ‘டன்’ (முடிந்தது) என்று நகர்த்திவிட்டு, மிச்சமிருக்கும் ஐந்து தவறை ஐந்து பக்காகப் போட்டுவிடுவீர்கள். அந்த ஸ்பிரிண்டின் கணக்கு அழகாக இருக்கும். 140 என்ற எண்ணில் பாதி அந்த வழியாக வந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இரண்டாவது வகை, கஸ்டமரிடமிருந்து வருவது. இதற்கு மூன்றே முடிவுதான் உண்டு: இப்போதே சரிசெய்வது, வரிசையில் நிறுத்துவது, செய்யப்போவதில்லை என்று சொல்லி மூடுவது. எதையும் முடிவு செய்யாமல் ‘ஓப்பன்’ என்று போட்டு வைப்பது நாலாவது வழி, பெரும்பாலான டீம்கள் அதில்தான் வாழ்கின்றன. ஜிராவில் புதிய டிக்கெட் திறந்தால் பிரயாரிட்டி தானாகவே ‘மீடியம்’ என்று வந்து நிற்கும். யாரும் தொடாவிட்டால் எல்லாமே மீடியம். உங்கள் 140-இல் எத்தனை மீடியம் என்று ஒருமுறை ஃபில்டர் போட்டுப் பாருங்கள்.

முடிவு செய்வதற்கு சிவியாரிட்டியையும் பிரயாரிட்டியையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பாதிப்பு எவ்வளவு என்பது சிவியாரிட்டி, அதை டெஸ்டர் சொல்லலாம். எப்போது செய்வது என்பது பிரயாரிட்டி, அது பிராடக்ட் ஓனர் வேலை. பாடப்புத்தகத்தில் இதை ஒரு கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். நிஜத்தில் பிரயாரிட்டி கிழமையைப் பொறுத்து மாறும். திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி) கணக்கில் ஒரு தவறு திங்கட்கிழமை காலை தெரிந்தால் புதன்கிழமைக்குள் சரிசெய்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதே தவறு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தெரிந்தால், கேட் வாசலில் டைலர்கள் நிற்பார்கள், முதலாளி போன் உங்கள் மேனேஜரைத் தாண்டி உங்களுக்கே வரும். கோடு அதே கோடுதான்.

நான் டெஸ்டராக இருந்த காலத்தில் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது துணிக் கணக்கு. நிட்டிங்கில் ஓட்டிய துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பும்போது ஸ்டோரில் டெலிவரி சலான் போடுவார்கள். சேவ் பட்டனை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் இரண்டு சலான் விழுகிறது என்று மார்ச் மாதத்தில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துவிட்டு நானே ‘மைனர்’ என்று போட்டேன். ‘யூசர் வேண்டுமென்றே இரண்டு முறை அழுத்தினால் மட்டும்’ என்று ஒரு குறிப்பு வேறு. அது வரிசையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆகஸ்டில் ஒருநாள் அந்தக் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல், அதுதான் பயமாக இருந்தது. “தம்பி, 412 கிலோ துணி எங்க போச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா.” நேரில் போனேன். ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர், கீபோர்டு முழுக்கப் பஞ்சு. சலான் போடும் அண்ணன் சேவ் பட்டனை அழுத்தினார். திரை அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அண்ணன் திரும்ப அழுத்தினார். வேண்டுமென்றே எல்லாம் இல்லை, யாராக இருந்தாலும் அழுத்துவார்கள். 18 ரோல், 412 கிலோ, ஒரே வண்டி, இரண்டு சலான் நம்பர். ஸ்டாக்கில் இரண்டு முறை கழிந்துவிட்டது. சாயப்பட்டறையில் கேட்டால் ஒரு லோடுதான் வந்தது என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு ஒரு வாரம் ஓடியிருக்கிறது.

சரிசெய்ய அரை நாள் ஆனது. முதல் அழுத்தலிலேயே பட்டனை முடக்குவது ஒரு பாதி. அது மட்டும் போதாது, நெட் விட்டு விட்டு வரும் இடத்தில் பிரவுசரே ஒரு கோரிக்கையை மறுபடி அனுப்பக்கூடும். அதனால் ஒவ்வொரு படிவத்துக்கும் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண் கொடுத்தோம். அதே எண்ணோடு இரண்டாவது முறை வந்தால் சர்வர் புதிதாக எதுவும் எழுதாமல் முதல் சலானையே திருப்பிக் காட்டும். கோடு வேலை அத்தோடு சரி. ஆனால் ஐந்து மாதத்தில் இப்படி இரட்டையாக விழுந்த பழைய சலான்களைத் தேடி, எது நிஜம் எது நகல் என்று வண்டி நம்பரை வைத்துப் பொருத்தி, ஸ்டாக்கைத் திருத்த மூன்று நாள் ஆனது. தவறை விட தவறான டேட்டாதான் காசைத் தின்னும். இன்றைக்கும் ஒரு பக் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இது திரையில் மட்டும் தப்பாகத் தெரிகிறதா, இல்லை டேட்டாபேஸில் தப்பாக எழுதுகிறதா’ என்பதே. எழுதுகிறது என்றால் அது எவ்வளவு அரிதாக நடந்தாலும் என் கணக்கில் மைனர் கிடையாது.

இங்கேதான் நிறையப் பேர் ஒரு படத்தைக் காட்டுவார்கள்: வடிவமைக்கும்போது ஒரு ரூபாயில் முடியும் தவறு, வெளியிட்ட பிறகு நூறு ரூபாய் ஆகும் என்று. இதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். மென்பொருள் ஆய்வாளர்கள் பேரி போமும் விக்டர் பேசிலியும் 2001-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அந்த நூறு மடங்கு இருக்கிறது, ஆனால் அதே இடத்தில் சிறிய, உயிருக்கு ஆபத்தில்லாத மென்பொருளுக்கு அது ஐந்து மடங்கு அளவில்தான் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஸ்லைடு போடுகிறவர்கள் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். தாமதமானால் செலவு ஏறும் என்பது உறுதி. எத்தனை மடங்கு என்பது உங்கள் மென்பொருளைப் பொறுத்தது. என் சலான் கதையில் அரை நாள் வேலை மூன்றரை நாள் ஆனது, ஏழு மடங்கு. அந்த ஒரு வாரச் சண்டையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாததால் சேர்க்கவில்லை.

இனி நிறுத்தும் உரிமைக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா சோமனூரில் தறி வைத்திருந்தார். லீவுக்குப் போனால் தறிச் சத்தத்தில் பேசவே முடியாது, ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே மூன்றாவது தறியில் ஏதோ சரியில்லை என்று எழுந்து போவார். பாவில் (நீளவாக்கு நூலில்) ஓர் இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால், இழை இல்லாத இடம் ஒரு கோடாகத் துணி நீளத்துக்கும் போகும். அவர் அந்த ஒரு தறியை நிறுத்துவார், முடிச்சுப் போடுவார், மறுபடி ஓட்டுவார். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் கொண்டுவந்த தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும். தவறு தெரிந்த இடத்திலேயே நிறுத்து என்ற அந்த யோசனை பின்னால் அவர் மகன் தொடங்கிய கார் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து மென்பொருள்காரர்கள் வாய்க்கு வந்தது. அந்தக் கார் தொழிற்சாலையில் தவறைக் கண்ட தொழிலாளி அதற்கென்று தொங்கும் கயிற்றை இழுத்த உடனே மொத்த லைனும் நின்றுவிடாது. அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் டீம் லீடர் ஓடி வருவார். கார் அடுத்த கட்டத்துக்கு நகரும் முன் அவர்களால் சரிசெய்ய முடியவில்லை என்றால்தான் லைன் நிற்கும்.

இதை அப்படியே எங்கள் டீமில் செய்தோம். வாரத்துக்கு ஒரு டெவலப்பர், முறை வைத்து. அந்த வாரம் வரும் எல்லாப் பக்கும் அவரிடம்தான் வரும். மற்ற மூன்று பேரை யாரும் தொடக் கூடாது, மேனேஜர் உட்பட. அவர் முதலில் பார்ப்பது: உடனே நிறுத்த வேண்டியதா? டேட்டா கெடுகிறது, பணம் தப்பாகப் போகிறது, அல்லது எல்லோருக்கும் திறக்கவே மாட்டேன் என்கிறது, இந்த மூன்றில் ஒன்று என்றால் ஆம். அப்போது காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் ரத்தத்தை நிறுத்த வேண்டும்: பழைய ரிலீசுக்குத் திரும்பலாம், அந்த வசதியை மட்டும் அணைத்து வைக்கலாம். தனியாக முடியவில்லை என்றால் இரண்டாவது ஆளைக் கூப்பிடும் உரிமை அவருக்கு உண்டு. அதனால் ஸ்பிரிண்ட் கோலே (அந்தச் சுற்றின் இலக்கே) ஆட்டம் காணும் என்றால் பிராடக்ட் ஓனரிடம் அங்கேயே பேசி எந்த ஸ்டோரியை இறக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றையும் இறக்காமல் ஒன்றை ஏற்றுவது மட்டும் கூடாது. உங்கள் தள்ளிப்போகும் ஸ்டோரிகளின் ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நிறுத்த வேண்டியது இல்லை என்றால், வாரம் இரண்டு முறை, கால் மணி நேரம், பிராடக்ட் ஓனரும் ஒரு டெஸ்டரும் அந்த வாரத்து டெவலப்பரும் உட்கார்ந்து முடிவு சொல்லிவிட வேண்டும். நாங்கள் இதைப் பேக்கரியில் டீ குடிக்கும்போதே முடித்துவிடுவோம். தனி பக் பேக்லாக் வேண்டாம். இரண்டு வரிசை இருந்தால் எது பெரியது என்று ஒப்பிடவே முடியாது. புது வசதியும் பழைய பக்கும் ஒரே வரிசையில் நின்றால்தான் பிராடக்ட் ஓனர் இதற்கு மேல் அதா, அதற்கு மேல் இதா என்று மனதைக் கடினப்படுத்திச் சொல்வார்.

நேரம் எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்பீர்கள். இருபது சதவீதம், முப்பது சதவீதம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எதையும் கடன் வாங்காதீர்கள். கடந்த ஆறு ஸ்பிரிண்டில் திட்டமிடாத பக் வேலைக்கு எத்தனை நாள் போனது என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு 7, 9, 6, 11, 8, 7 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48, சராசரி 8. நான்கு டெவலப்பருக்குப் பத்து நாள் வீதம் 40 நாள். அடுத்த ஸ்பிரிண்டைத் திட்டமிடும்போது 40 இல்லை, 32 என்று வைத்துக்கொண்டு ஸ்டோரி எடுங்கள். பக் குறைவாக வந்து நாள் மிஞ்சினால் வரிசையிலிருந்து ஒன்றை இழுத்துக்கொள்ளலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய ஸ்பிரிண்டில் போனஸ் கணக்கு வரும் என்பதால் நாங்கள் 28-தான் வைப்போம்.

இப்போது பாயிண்ட். ஸ்க்ரம் கையேட்டில் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே கிடையாது, அதனால் ‘விதிப்படி’ என்று யாராவது சண்டைக்கு வந்தால் விட்டுவிடுங்கள். அனுபவமுள்ளவர்களே இதில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் போடுவதில்லை. நாமே செய்த தவறைத் திருத்துவதற்கும் பாயிண்ட் கிடைத்தால், தவறோடு எழுதி அப்புறம் திருத்துகிற டீம் ஒழுங்காக எழுதுகிற டீமை விட வேகமானது போல வரைபடம் காட்டும். பாயிண்ட் போடாவிட்டால் பக் கூடும்போது வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியும், தெரியட்டும். ஆனால் வேறு யாரோ எழுதிய பழைய மென்பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற வேலையில் முக்கால்வாசி பக்தான் என்ற நிலையில் இருக்கும் டீமுக்கு நான் சொல்வது பொருந்தாது. அவர்களுக்குப் பக்கே வேலை, பாயிண்ட் போட்டுக்கொள்ளட்டும்.

சரிசெய்யும் முறையில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வற்புறுத்துவேன். கோடைத் தொடும் முன், அந்தத் தவறை மறுபடி உண்டாக்கிக் காட்டும் ஒரு தானியங்கி டெஸ்ட் எழுதுங்கள். அது தோற்க வேண்டும். அப்புறம் திருத்துங்கள், அது ஜெயிக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூடிய பக் மூன்று மாதம் கழித்து வேறு பெயரில் திரும்பி வரும். இதற்கு டெஸ்டர் எழுதும் டிக்கெட் நன்றாக இருக்க வேண்டும். ‘ரிப்போர்ட் வரவில்லை’ என்பது டிக்கெட் இல்லை. எந்தக் கம்பெனி, எந்த லாகின், எந்தத் தேதி, எதை அழுத்தினீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, இவ்வளவும் வேண்டும். போனில் கேட்டு எழுதும்போது கஸ்டமர் சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதி வையுங்கள். “பில்லு தானா அழிஞ்சு போச்சுங்க” என்று அவர் சொன்னதை நம் ஆள் ‘டேட்டா டிலீட் பிரச்சினை’ என்று மாற்றி எழுதி, நாங்கள் இரண்டு நாள் டேட்டாபேஸைக் குடைந்த கதை உண்டு. நிதியாண்டு ஏப்ரலில் மாறியதால் பழைய பில் வேறு பட்டியலில் போயிருந்தது, அவ்வளவுதான்.

மேனேஜருக்கு எண்ணிக்கை கொடுக்காதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் டெஸ்டருக்குத் தினமும் ஐந்து பக் என்று இலக்கு வைத்தார்கள். ஒரே எழுத்துப்பிழையை குரோமில் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸில் ஒன்று, மொபைலில் ஒன்று என்று மூன்றாக்கிப் போட்டோம், வெட்கமே இல்லாமல். டெவலப்பருக்கு அப்ரைசலில் பக் எண்ணிக்கையைக் கழித்தார்கள், அதனால் அவர்கள் ஒவ்வொன்றுக்கும் இது பக் இல்லை என்று மல்லுக்கு நின்றார்கள். மென்பொருள் ஒரு அங்குலம் நகரவில்லை. மேனேஜர் கேட்பது நியாயம்தான், அவருக்கும் மேலே சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் வேறு இரண்டைக் கொடுங்கள்: இந்த மாதம் கஸ்டமர் கைக்குப் போன பிறகு தெரிந்தவை எவை, அதில் உடனே நிறுத்த வேண்டியிருந்ததை நிறுத்த எத்தனை மணி நேரம் ஆனது. இவற்றையும் ஏமாற்றலாம், ஆனால் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும்.

அந்த 140-க்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். பிராடக்ட் ஓனர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தொடாததை முதலில் எடுத்து, இன்றைய ரிலீசில் அது இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் மூடுங்கள். நடக்கிறது, ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் செய்யப்போவதில்லை என்றால், அதையும் காரணம் எழுதி மூடுங்கள். சொன்ன கஸ்டமருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். டேட்டாவைத் தப்பாக எழுதுகிறவற்றை மட்டும் எவ்வளவு பழையதாக இருந்தாலும் மூடாதீர்கள், என் மார்ச் மாதத்து மைனரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூடலாம், டிக்கெட் போடாமலே திருத்தலாம் என்றெல்லாம் நான் சொன்னது கணக்கு, ஸ்டாக், பில்லிங் மாதிரியான மென்பொருளுக்கு. உங்கள் கஸ்டமர் மருத்துவக் கருவி செய்பவர் என்றால் ஐ.ஈ.சி. 62304 தரநிலை பிரச்சினைகளைப் பதிவு செய்து, ஆராய்ந்து, தீர்வு வரை தொடரச் சொல்கிறது. அங்கே என் பேக்கரி முறை செல்லாது. வெளிநாட்டு கிளையண்டோடு ஒப்பந்தம் இருந்தால் அதில் எது எத்தனை மணி நேரத்தில் என்று எழுதியிருக்கும், முதலில் அதை வாங்கிப் படியுங்கள். பல டீம்களில் டெவலப்பர் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நீங்கள் எந்த வகை என்று கேள்வியில் இல்லை; சொன்னால் அதற்கேற்ப இதில் எதை மாற்றுவது என்று எழுதுகிறேன்.